எண்ணெய்ச்சட்டி வைக்காத கிறிஸ்துமஸ்

பெரம்பலூர்,
4-12-1983

சேசு மரி சூசை

அன்புள்ள இன்னாசி அண்ணனுக்கு, அடைக்கலம் எழுதுவது.

இங்கே நானும் சுகம், வயிற்றில் இருப்பதும் சுகம். அது உதைக்கிற உதையைப் பார்த்தால் அப்பாவின் கோபம் அப்படியே வந்திருக்கும்போல. டாக்டரம்மா கட்டிலை விட்டு அதிகம் இறங்காதே என்று சொன்னாலும் சொன்னார், உன் மாப்பிள்ளை என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போகிறார். குழம்பில் உப்பு இருந்தால் புளி இருக்காது. நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிச் சாப்பிடுகிறேன்.

அது கிடக்கட்டும். அப்பாவுக்கு என்ன வந்தது? கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன் என்று எழுதியதோடு சரி, அப்புறம் ஒரு கார்டு கூட இல்லை. ஒவ்வொரு வருஷமும் இந்நேரம் வெல்லம் வாங்கியாயிற்று, பச்சரிசி சொல்லியாயிற்று என்று எழுதிவிடுவாரே. மனுஷர் இந்த வருஷம் அதிரசம் சுடுவாரா மாட்டாரா? அம்மா போன பிறகு பாப்பாயி அக்காவும் பஞ்சவர்ணம் அக்காவும் அடுப்புக்கு இரண்டு பக்கமும் நின்று சொல்லிக்கொடுத்தும், அவர் சுடும் அதிரசம் இன்றுவரை பல்லுக்கு அடங்கியதில்லை. "ராயப்பன் வூட்டு அதிரசத்த வச்சு செவுரு கட்டலாம்" என்று தெருவே சிரிக்கும், ஒரு வீடு விடாமல் வாங்கியும் தின்னும். எனக்கு இந்த வருஷமும் அந்தக் கல்தான் வேண்டும்.

இன்னொன்று. பிள்ளைக்குப் பெயர் அப்பா வாயால் வரவேண்டும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று கேட்டு எழுது. நீ பாட்டுக்கு மறந்துவிடாதே. மதலை அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அடைக்கலமேரி


வரதராஜன்பேட்டை,
10-12-1983

அன்புத் தங்கை அடைக்கலத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே விடாத மழை. கொல்லையில் முந்திரி மரம் ஒன்று சாய்ந்துவிட்டது. ஏரி நிரம்பி ஜெயங்கொண்டம் ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, பஸ் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. மதலைக்கு இருமல். மற்றபடி எல்லாம் வழக்கம்போல.

அப்பா எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். அவருக்குக் கண் சரியில்லை. பூ விழுந்திருக்கிறது என்று ஜெயங்கொண்டத்தில் சொன்னார்கள். பேனா பிடிக்க வேண்டாம் என்றிருக்கிறார்கள். இனி அவருக்கும் சேர்த்து நான்தான் எழுதவேண்டும். கடிதம் சுருக்கமாக இருந்தால் தப்பாக நினைக்காதே.

பெயர் கேட்டாய். ஆண் என்றால் தாத்தா பெயர், சந்தியாகு. பெண் என்றால் அம்மா பெயர், அமலோற்பவம். அப்பா அப்படித்தான் சொன்னார்.

திருநாளுக்கு ஊருக்கு வருகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே. போன கிறிஸ்துமஸுக்கு பஸ்ஸில் வந்துவிட்டுத் திரும்பிப்போய் நீ பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்தப் பிள்ளை போனது போதும். தெருவில் எல்லா வீட்டிலும் உனக்காக ஜெபமாலை சொல்கிறார்கள்.

அண்ணன்,
இன்னாசி


பெரம்பலூர்,
18-12-1983

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா பெயரையா சொன்னார்! அம்மா இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, "உங்கம்மா" என்பாரே தவிர அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. நானும் அதையேதான் மனதில் வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எனக்கும் இவருக்கும் சண்டை. எண்ணெய்ச்சட்டி வைக்கக் கூடாதாம். பக்கத்து வீட்டு கலியம்மாள் அக்கா, "நீ படுத்துக்கிட்டே சொல்லும்மா, நான் முறுக்கு புழியறேன்" என்று அச்சோடு வந்துவிட்டார். இவர் வாசலிலேயே மறித்து, எண்ணெய் வாடை எனக்கு ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு எந்த வாடை ஆகாது என்று எனக்குத் தெரியாதா? நட்சத்திரம் கட்டுங்கள் என்றேன், மூங்கில் கிடைக்கவில்லை என்கிறார். பெரம்பலூரில் மூங்கில் கிடைக்கவில்லையாம். போன மாதம் ஸ்கூல் இன்ஸ்பெக்ஷன் என்று அரியலூர் போய்த் தங்கிவிட்டு வந்ததிலிருந்து இப்படித்தான். வந்த அன்றைக்கு வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். கேட்டால் பஸ்ஸில் புழுதி என்றார். அடைமழையில் என்ன புழுதி?

அப்பாவை விட்டு இவருக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல். கிறிஸ்தவ வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சட்டி வைக்காவிட்டால் எழவு விழுந்த வீடு என்றல்லவா நினைப்பார்கள். அப்பா சொன்னால் இவர் கேட்பார்.

அடைக்கலம்


வரதராஜன்பேட்டை,
21-12-1983

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளை சொல்கிறபடி கேள். சட்டி வைக்க வேண்டாம். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். அடுத்த வருஷம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுட்டுக்கொள்ளலாம்.

திருநாள் பூசை முடிந்ததும் பாப்பாயி அக்காவும் பஞ்சவர்ணம் அக்காவும் உன்னைப் பார்க்க வருகிறார்களாம். இந்த மழையில் எதற்கு என்றேன். "நீ சும்மா இரு இன்னாசி, எங்களுக்குத் தெரியாதா" என்கிறார்கள். வந்தால் அதிகம் பேசி அலட்டிக்கொள்ளாதே.

அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார்.

இன்னாசி


பெரம்பலூர்,
27-12-1983

இன்னாசிக்கு,

மேலே சேசு மரி சூசை எழுதவில்லை. அண்ணன் என்றும் எழுதவில்லை. கை வரவில்லை.

உன் ஆட்கள் வந்தார்கள். திருநாள் அன்று மதியம், ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் மாறி, நனைந்த சேலையோடு வந்து நின்றார்கள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பாப்பாயி அக்கா என் வயிற்றைத் தடவி, "பொட்டப்புள்ளதான்டி, மொகத்துலயே தெரியுது" என்று சிரித்தார். அப்பாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவால்ல, பரவால்ல" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். உடனே பஞ்சவர்ணம் அக்கா மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பேசிக்கொண்டே ஒரு பெரிய நார்ப்பெட்டியைச் சுவரோரம் தரையில் வைத்தார்.

நானும் அந்தத் தெருவில் பிறந்தவள்தானே. நல்ல நாளுக்கு வீட்டுக்கு வீடு தட்டு போகும். ஒரு வீட்டுத் தட்டில் ஒரு வீட்டுப் பலகாரம், கையில் கொடுத்துக் கையில் வாங்குவோம். சாவு விழுந்த வீட்டுக்குத்தான் பெட்டி போகும். அங்கே முதல் திருநாளுக்குச் சட்டி வைக்க மாட்டார்கள் என்று, எல்லா வீட்டுப் பலகாரத்தையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுக்காமல் தரையில் வைப்போம். அம்மா செத்த வருஷம் நம் வீட்டுக்கு வந்தது. அம்மாக்கண்ணுவின் புருஷன் செத்த வருஷம் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அச்சுமுறுக்கு அம்மாக்கண்ணு சுட்டது, கைமுறுக்கு பஞ்சவர்ணம் அக்கா சுற்றியது, ரவா உருண்டை உபதேசியார் வீட்டுடையது. எது யார் கை என்று எனக்குத் தெரியும். தெரு முழுக்க உள்ளே இருந்தது. நம் வீட்டு அதிரசம் மட்டும் இல்லை. அப்போதுகூட மனது, அப்பாவுக்குத்தான் கண் தெரியவில்லையே, எப்படிச் சுடுவார் என்று சமாதானம் சொன்னது.

பிறகு இரண்டு பேரும் எழுந்தார்கள். எழுந்து, நேரே வாசலுக்கு நடந்தார்கள். "என்னக்கா, போயிட்டு வரேன்னுகூடச் சொல்லாமப் போறீங்க?" என்று கேட்டேன். பாப்பாயி அக்கா படியில் நின்றார். திரும்பவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். துக்க வீட்டில் வரேன் என்று சொல்லக் கூடாது. அவ்வளவு பொய்யையும் அரியலூர் தாண்டிச் சுமந்துகொண்டு வந்தவருக்கு அந்த ஒரு பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை.

"யாருக்கா? அப்பாவா?" என்றேன். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்துத்தான் என் அப்பா செத்துப்போனதை நான் தெரிந்துகொண்டேன்.

நவம்பரிலேயே புதைத்துவிட்டீர்களாம். அப்படியானால் கண்ணில் பூ விழுந்தது யாருக்கு? சட்டி வைக்க வேண்டாம் என்று சொன்ன அப்பா யார்? மண்ணுக்குள் போனவர் கையை எடுத்து என் நெற்றியில் சிலுவை போட்டாயே, உனக்குக் கூசவில்லையா? பெயர் வேறு. அம்மா பெயர். அப்பாவுக்கு என் மனது தெரிந்திருக்கிறது என்று நான் பைத்தியக்காரி மாதிரி பூரித்துக் கிடந்தேன். என் புருஷன், என் அண்ணன், நான் பிறந்த தெரு, இத்தனை பேரில் ஒரு ஆளுக்குக்கூட என் முகத்தைப் பார்த்து உண்மை சொல்லத் தோன்றவில்லை.

இவரோடு பேசவில்லை. உன்னோடும் பேச ஒன்றுமில்லை.

அடைக்கலமேரி


வரதராஜன்பேட்டை,
3-1-1984

அடைக்கலத்துக்கு,

உன் கடிதத்தை மதலைதான் படித்துச் சொன்னாள். நான் படிக்க முயன்றேன், முடியவில்லை.

திட்டு. ஆனால் ஒன்று கேள். போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெளியே நின்றவன் நான். இன்னொரு தடவை இப்படி ஆனால் தாய் தங்குவதே கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னதை நீ கேட்கவில்லை. நானும் மாப்பிள்ளையும் கேட்டோம். அந்த விஷயம் நடந்த அன்று தெருவே நம் வாசலில் கூடி என்னிடம் ஒன்றைத்தான் சொன்னது. "போனவரு போயிட்டாரு, இருக்கறவளக் காப்பாத்துடா." பெரம்பலூர் பக்கம் போகிறவர்கள் வாயைக் காக்கவேண்டும் என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். கண்டக்டர் செல்லப்பன் உன் வீட்டு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார், உன்னைப் பார்த்தால் உளறிவிடுவேன் என்று.

பெட்டி வேண்டாம் என்று நான் சண்டையே போட்டேன். "ராயப்பன் மவ வூட்டுக்குப் பெட்டி போவாம நாங்க எப்புடிடா சட்டி வைக்கறது? வாயத் தொறக்காம வச்சுட்டு வந்துடறோம்" என்றார்கள். அவர்களுக்கு அது மனதுக்கு ஆகவில்லை. பாப்பாயி அக்கா அங்கிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து சோறு இறங்காமல் கிடக்கிறார். அவரை ஒன்றும் சொல்லாதே.

நான் யாரிடம் போய் அழுதேன் என்று நீ கேட்கவில்லை. அந்தக் கட்டில் காலியாகக் கிடக்க, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்குக் கண் சரியில்லை என்று உனக்கு எழுதினேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது என்று நினைக்கிறாயா?

அவர் கஷ்டப்படவில்லை. சட்டென்று முடிந்துவிட்டது. யாரையும் தேடவில்லை. அந்த நிம்மதியாவது உனக்கு இருக்கட்டும்.

இன்னாசி


பெரம்பலூர்,
9-2-1984

இன்னாசிக்கு,

பெண் பிறந்திருப்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் நீ நின்றதைப் பார்த்தேன். பார்த்துத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

நீ அனுப்பிய பெயரை வைக்கவில்லை. அம்மா பெயரை வைக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். உன் பொய்யில் தோய்ந்து வந்ததால் அதை என் பிள்ளைக்கு வைக்க முடியாமல் போயிற்று. பிறந்த நாளுக்கு உரிய புனிதையின் பெயரை இங்குள்ள சாமியார் சொன்னார். ஆக்னஸ். ஞானஸ்நானமும் இங்கேயே முடிந்துவிட்டது.

எனக்குப் பத்தியம் வைத்துக்கொடுக்கப் பாப்பாயி அக்கா கூப்பிடாமலே வந்து தங்கியிருக்கிறார். வராதே என்று சொல்லி அனுப்பியும் வந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார், என் துணியைத் துவைக்கிறார், நான் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் சோற்றைப் பிசைந்து கையில் தருகிறார். அவரை எப்படி வெறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டே, "ஒங்கப்பாரு ஒன்னியக் கேட்டுக் கேட்டே போனாருடி" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அப்புறம் எவ்வளவு கேட்டும், "இன்னாசியக் கேளு" என்கிறார்.

சட்டென்று முடிந்துவிட்டது, யாரையும் தேடவில்லை என்று எழுதினாயே. எல்லாம் தெரிந்த பிறகும் ஒரு பொய்யா? அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுது. இனி ஒரு வார்த்தை மாற்றி எழுதினாலும் உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அடைக்கலமேரி


வரதராஜன்பேட்டை,
16-2-1984

அடைக்கலத்துக்கு,

எழுதுகிறேன். குறுக்கே நிறுத்தாமல் படி.

காலையில் கொல்லைக்குப் போனவர் சாய்ந்த மரத்தின் மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கயிற்றுக்கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தோம். ஜெயங்கொண்டத்திலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி தூக்கி அலைக்கழிக்க வேண்டாம், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மாப்பிள்ளைக்கு மட்டும் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினேன்.

அப்பாவுக்கு நினைவு இருந்தது. "அடைக்கலத்துக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். சொல்லியாயிற்று என்றேன். கொஞ்சம் கழித்து, "கெளம்பிட்டாளா?" என்றார். "பஸ் ஏறிட்டாளாம்ப்பா" என்றேன். கட்டிலைச் சுற்றிப் பாப்பாயி அக்கா, பஞ்சவர்ணம் அக்கா, அம்மாக்கண்ணு எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் என்னை மறுத்துப் பேசவில்லை. "வந்துகிட்டே இருக்கா, வந்துகிட்டே இருக்கா" என்று அவர்களும் சொன்னார்கள். ரோட்டில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார். கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார், போட்டோம். மாப்பிள்ளை தனியாக வந்து நின்றபோது அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் பூசை மணி அடிக்கும்போது, "மழையா இருக்கு, அவள மெதுவாப் பாத்து வரச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. கண் திறந்தபடியே இருந்தது, நான்தான் மூடினேன். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

பெயரை நான் அவரிடம் கேட்கவே இல்லை. அமலோற்பவம் நானாக எழுதியது. அவர் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். உன்னை ஏமாற்றியதற்குக் காரணம் சொல்ல என்னால் முடியும். அவரை ஏமாற்றியதற்கு எந்தக் காரணத்தையும் மனது ஏற்கவில்லை.

இன்னாசி


வரதராஜன்பேட்டை,
2-12-1984

அன்புத் தங்கைக்கு,

நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. வருஷப் பூசைக்கும் நீ வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். பூசைக்குத் தெருவே கறுப்புத் துண்டோடு வந்திருந்தது.

வருஷம் திரும்பிவிட்டதால் இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சட்டி வைக்கலாம் என்று சாமியாரும் சொல்லிவிட்டார். பஞ்சவர்ணம் அக்கா இப்போதே அடுப்பைப் பூசிக் கொடுத்துவிட்டார். ஆக்னஸைத் தூக்கிக்கொண்டு வா. அவளை இதுவரை பார்க்காத வீடு தெருவில் பத்துக்கு மேல் இருக்கிறது. எல்லோரும் துணி எடுத்து வைத்திருக்கிறார்கள். நீ வரமாட்டாய் என்றால் நான் பலகாரத்தோடு அங்கே வருகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

அண்ணன்,
இன்னாசி


பெரம்பலூர்,
14-12-1984

அண்ணனுக்கு,

ஆக்னஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். விழுந்தால் அழுவதில்லை, தரையை அடிக்கிறாள். இவரோடு இப்போது பேசுகிறேன். முன்போல இல்லை, ஆனால் பேசுகிறேன்.

இவள் முகத்தைப் பார்க்கும்போது நீங்கள் எல்லோரும் செய்தது சரி என்று தோன்றுகிறது. அன்றைக்கு அடைமழையில் கிளம்பி வந்திருந்தால் இவள் இருந்திருப்பாளோ மாட்டாளோ. அடுத்த நிமிஷம் அப்பா வாசலைப் பார்த்துக் கிடந்தது நினைவுக்கு வருகிறது, உங்களில் ஒருவரையும் மன்னிக்க முடியவில்லை. இரண்டும் மாறி மாறி வருகின்றன. இதில் எது ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியாது.

வருஷம் திரும்பிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். உங்களுக்குத் திரும்பியிருக்கும். நான் போன கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் அப்பாவை இழந்தேன். எனக்கு இன்னும் திரும்பவில்லை. இங்கே இந்த வருஷமும் சட்டி கிடையாது.

உன் கடிதங்களை எல்லாம் மறுபடி படித்தேன். "அந்த விஷயம்" என்கிறாய். "நடந்தது" என்கிறாய். எல்லாவற்றையும் எழுதிய அந்தக் கடிதத்தில்கூட அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் தாண்டிவிட்டாய். பாப்பாயி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இவர் சுவரைப் பார்த்தார். நம் பக்கத்தில் ஒரு சாவு என்றால் சொந்தக்காரர் வீட்டைத் தேடி ஆள் போகும். அப்பா சாவுக்கு அரியலூருக்கு ஆள் போயிருக்கிறது. திருமழபாடியில் அம்மா வழியில் யாரோ ஒரு தூரத்து உறவு, அங்கேயும் போயிருக்கிறது. பெற்ற மகள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

அதனால் நீ வருவதென்றால் வா. அதிரசம் கொண்டுவராதே. பிள்ளைக்குத் துணி கொண்டுவராதே. தெருவிலிருந்து யாரையும் துணைக்குக் கூட்டிவராதே. சாவு சொல்ல வருகிறவன் எப்படி வருவானோ அப்படி வெறுங்கையோடு வா. வந்து வாசலில் நில். என் முகத்தைப் பார்த்து, அப்பா செத்துட்டாரும்மா என்று உன் வாயால் சொல். நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவேண்டும். எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, அண்ணே.

அடைக்கலம்